கண் அசையும் சத்தம்

இதை எழுதச் சொன்னது எனக்குக் காது ஒபரேஷன் செய்த டொக்டர். "இந்த நோய் உள்ள ஆட்கள் வெளியில சொல்ல மாட்டாங்க, கௌரி. பைத்தியம் எண்டு நினைப்பாங்க எண்டு பயம். நீங்க எழுதினா, வாசிச்சிட்டு ஒருத்தராவது வருவாங்க," என்றார். ஆகவே சொல்லக் கூசியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வருடத்துக்கு மேலாக, என் கண்கள் அசையும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு ஊர் உடப்பு, இலங்கையின் மேற்குக் கரையில். அப்பா கரைவலைச் சம்மாட்டி, வலையின் சொந்தக்காரர். எட்டு வயதில் சித்தி என்னைப் படிப்புக்காகக் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள வத்தளைக்குக் கூட்டிப் போனார். அங்கே பள்ளிக்கூடத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழக்கிய நிலந்தி மிஸ்தான், இப்போது எனக்கு இருபத்துமூன்று வயதாகும்வரை, என்னைப் பழக்கியவர். வருடத்தில் இரண்டு தடவை ஊருக்கு வருவேன். என் விளையாட்டு என்னவென்று அம்மாவுக்குச் சரியாகத் தெரியாது. "கரணம் அடிக்கிற விளையாட்டு" என்று ஆட்களுக்குச் சொல்வா.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் நடந்துகொண்டிருந்தபோது, தாண்டுமேசைப் பயிற்சியில் தவறாக இறங்கினேன். ஓடிவந்து, மேசையில் கை ஊன்றி, காற்றில் சுழன்று இறங்கவேண்டும். சுழற்சி குறைந்துவிட்டது. குந்தியபடி விழுந்ததில் நாடி முழங்காலில் இடித்தது. தலைக்குள் எங்கோ ஒரு சிறிய சொடுக்கு. வலி இரண்டு நாளில் போய்விட்டது.

இரண்டு வாரத்துக்குப் பிறகு ஒரு மத்தியானம், வாசிகசாலையில் தனியாக இருந்து படித்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ எதையோ தரையில் இழுத்தார்கள். ஈர மணலில் பலகையை இழுப்பதுபோலச் சின்னதாக ஒரு உரசல். திரும்பினேன். யாருமில்லை. மறுபடி வாசித்தேன். மறுபடி உரசல். ஒவ்வொரு வரியின் முடிவிலும் அது வந்தது. ஒரே சொல்லைப் பார்த்தபடி அசையாமல் இருந்தால் நின்றது. அடுத்த வரிக்குப் போனால் வந்தது. நான் வாசிப்பதை என் தோளுக்குப் பின்னால் நின்று வேறு யாரோ வாசிப்பதுபோல இருந்தது.

விடுதிக்கு வந்து கண்ணாடியின் முன்னால் நின்று கண்ணை இடப்பக்கம் திருப்பினேன். உரசல். வலப்பக்கம். உரசல். பிறகு கண்ணாடியைப் பார்க்கவே விருப்பமில்லாமல் போயிற்று.

அடுத்தது காலடி. விடுதித் தாழ்வாரத்தில் நடந்தால் பாரமான ஒருவர் கூடவே நடந்து வருவார். நான் நின்றால் அவரும் நிற்பார். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். அவர் நடை இன்னும் தெளிவாகக் கேட்டது. அது என் குதிகால் தரையில் படும் சத்தம் என்று தெரிந்துகொள்ளப் பல நாட்கள் எடுத்தன. தெரிந்த பிறகும் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பாண் மென்றால் தலைக்குள் கல் அரைபட்டது. பேசினால் என் குரல் குடத்துக்குள்ளிருந்து வந்தது. அதனால் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சர்வதேசப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிக்குத் தெரிவு நடந்துகொண்டிருந்தது. எங்கள் நாட்டிலிருந்து பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு ஒரே ஒரு இடம். அந்த இடம் எனக்குக் கிடைத்தது. கண் சத்தம் போடுகிறது என்று சொல்லி அதை இழக்க நான் தயாராக இல்லை. அதன் பலனை நான்தான் அனுபவிக்க வேண்டியிருந்தது. கழுத்து முறியாமல் தப்பினேன் என்பதுதான் மிச்சம்.

வெளிநாட்டில் அந்தப் போட்டி மண்டபம் ஒரு கப்பலைக் கவிழ்த்து வைத்ததுபோல இருந்தது. பெண்களுக்கு நான்கு கருவிகள்: தாண்டுமேசை, உயரம் வேறுபட்ட இரண்டு கம்பிகள், பீம், தரைப்பயிற்சி. பீம் என்பது நெஞ்சளவு உயரத்தில் நிற்கும், உள்ளங்கை அகலமே உள்ள வளைமரம். நான்கு கருவிகளிலும் ஒரே நேரத்தில் ஆட்கள் செய்வார்கள். தரைப்பயிற்சிக்கு மட்டும் இசை உண்டு. ஆகவே நீங்கள் பீமில் நிற்கும்போது வேறொருத்தியின் இசை மண்டபம் முழுக்க ஒலிக்கும். அதைக் காதில் வாங்காமல் இருக்கச் சின்ன வயதிலிருந்தே பழகியிருக்கிறோம்.

பீமில் ஏறி, முதல் பாய்ச்சல் சரியாகச் செய்தேன். திரும்பினேன். தரையில் யாரோ ஒரு பிள்ளையின் இசை தொடங்கியது. அதில் ஒரு ஊதுகருவி ஒரே சுரத்தை நீளமாக இழுத்தது. இழுத்ததும் பீமின் இடது முனை மேலே எழும்பியது. பீம் மட்டுமல்ல, மண்டபமே. விளக்குகள், நடுவர்களின் மேசை, ஆட்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, பூட்டில் திறப்பைத் திருகியதுபோலச் சரிந்தன. நான் அசையாமல் நின்றேன். அசையாமலே விழுந்தேன்.

விழுந்தால் சில விநாடிக்குள் திரும்ப ஏறலாம். ஏறினேன். அந்தச் சுரம் மறுபடி வந்தது. உலகம் அதே பக்கம், அதே அளவு சரிந்தது. இந்தத் தடவை விழும்போதே இடது காதுக்குள் விரலை விட்டு அடைத்தேன், ஏனென்று தெரியாமல். சரிவு நின்றது. மெத்தையில் காதில் விரலோடு கிடந்தேன். மூன்றாம் தடவை ஏறவில்லை. நடுவர்களுக்குக் கையை உயர்த்திக் காட்டிவிட்டு வெளியே வந்தேன்.

நிலந்தி மிஸ் என் இரண்டு தோளையும் பிடித்து, "மொகத வுணே? என்ன நடந்த?" என்று சிங்களத்திலும் தமிழிலுமாகக் கேட்டார்.

"தலைசுத்து, மிஸ்."

"எப்ப இருந்து?"

"இப்பதான்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பவில்லை என்று தெரிந்தது.

நாட்டுக்குத் திரும்பி வந்து காட்டிய டொக்டரிடமும் தலைசுற்று என்று மட்டும்தான் சொன்னேன். போட்டிப் பயமாக இருக்கலாம் என்றார். நான் சொன்னதற்குத் தகுந்த பதிலைத்தான் அவர் சொன்னார். அவர் தந்த குளிசைகளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

உடப்பில் கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து பாடி இழுப்பார்கள். நான் போன மூன்றாம் நாள், வெயில் ஏறின நேரம், அப்பாவுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். பாட்டை எடுத்துக் கொடுத்தவர் குரலை உயர்த்தி ஒரே சுரத்தில் நீட்டினார். கடல் எழும்பி நின்றது. அலை அல்ல. முழுக் கடலும், வள்ளங்களோடு, ஒரு சுவரைப்போல இடப்பக்கமாக எழும்பிச் சாய்ந்தது. மணலில் விழுந்து மணலையே பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். என் கண் சுழன்றதைப் பெரியம்மா பார்த்துவிட்டா. அம்மாவின் அக்கா அவ, பக்கத்து வளவு. "இது வருத்தமில்ல. புள்ளயில அம்மன் இறங்கியிருக்கா. கோயிலுக்கு வராம ஊர் ஊராத் திரிஞ்சதுக்குக் கேக்கிறா," என்றா. திருநீறு பூசினார்கள். யாரோ போய் உடுக்கு அடிப்பவரைக் கூட்டி வந்தார்.

உடுக்கின் முதல் அடி விழுந்ததும் என் தலை வெட்டி இழுத்தது. இரண்டாவது அடி, மறுபடி. அடி விழ விழ, அதே தாளத்தில், என் தலை தானாக ஆடியது. சுற்றி நின்ற பெண்கள் குலவை இட்டார்கள். எனக்கு முழு நினைவு இருந்தது. எல்லா முகமும் தெரிந்தது, எல்லாப் பேச்சும் கேட்டது. நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தேன். குடத்துக்குள்ளிருந்து வந்த என் குரலை நானே அடையாளம் காணவில்லை. அந்த நேரம், பெரியம்மா சொல்வது உண்மையாக இருக்கலாம் என்று நினைத்தேன். எனக்குள் நடப்பவர், எனக்குள் பார்ப்பவர், இப்போது எழும்பி ஆடுகிறார் என்று நினைத்தேன். அதைவிடப் பயந்த நேரம் என் வாழ்க்கையில் இல்லை.

அம்மா கூட்டத்தை விலக்கி வந்து முன்னால் குந்தினா. என் இரண்டு காதையும் உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தினா. உடுக்கு அடித்துக்கொண்டிருந்தது. என் தலை ஆடுவது நின்றது.

அம்மா கையை எடுத்தா. தலை ஆடியது. மறுபடி பொத்தினா. நின்றது. பிறகு ஒரு கையை மட்டும் எடுத்தா, வலப்பக்கம். ஒன்றும் நடக்கவில்லை. இடப்பக்கக் கையை எடுத்தா. தலை வெட்டியது.

"நிப்பாட்டுங்க," என்றா.

பெரியம்மா, "சாமி காரியத்தில கை வைக்காதடி," என்று சத்தம் போட்டா.

"காதைப் பொத்தினா போற சாமி இல்லக்கா. இது காதுக்குள்ள இருக்கிற வருத்தம். இடது காது. நான் புள்ளய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறன்."

பெரியம்மா அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவதான். பிறகு பல நாள் அம்மாவோடு கதைக்கவில்லை.

சிலாபப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், காது மூக்கு தொண்டை வார்ட்டில் என்னை மறித்து, கட்டில் தந்தார்கள். அங்கே ஒரு இளம் பெண் டொக்டர் இருந்தார். அம்மா தான் கண்டதை, கை வைத்ததும் எடுத்ததும் எந்தப் பக்கம் என்பதுவரை, ஒன்றும் விடாமல் சொன்னா. டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு இரண்டு கவர் உள்ள ஒரு இரும்பை, ஓசை பார்க்கும் இசைக்கவரை, எடுத்தார்.

"கண்ணை மூடுங்க, கௌரி. சத்தம் கேட்டா எந்தப் பக்கம் எண்டு சொல்லுங்க."

தட்டும் சத்தம். பிறகு என் இடது காதுக்குள் ஒரு மணி நீளமாக ஒலித்தது.

"இடது காதில. காதுக்குக் கிட்ட வச்சிருக்கிறீங்க."

"இப்ப கண்ணைத் திறந்து பாருங்க."

இசைக்கவரின் அடி என் கணுக்கால் எலும்பில் ஊன்றியிருந்தது. அம்மா என் காலைப் பார்த்தா, காதைப் பார்த்தா. பக்கத்தில் நின்ற தாதி ஒரு அடி பின்னால் போனார்.

டொக்டர் குரலைத் தாழ்த்தி, "கண்ணை அசைச்சா சத்தம் கேக்கிறதா?" என்று கேட்டார்.

அழுதுவிட்டேன். அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று இன்னொருவருக்குத் தெரியும் என்பதையே நான் நினைத்ததில்லை.

அவர் ஒரு தாளில் கீறிக் காட்டினார். காதின் உள்ளே, கேட்கும் இடத்துக்குப் பக்கத்தில், வளையம்போல மூன்று சிறு குழாய்கள் இருக்கின்றன. உள்ளே நீர். தலை அசைந்தால் நீர் அசையும். எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று மூளை அதைக் கொண்டுதான் அறிகிறது. மேல் குழாயின் கூரை மெல்லிய எலும்பு. எனக்கு அது பிறப்பிலேயே மிக மெல்லியதாக இருந்திருக்கவேண்டும். அந்தத் தவறான இறக்கத்தில் அது வெடித்திருக்கலாம். ஓட்டை விழுந்தால், சத்தம் அந்த வழியாகப் போய்க் குழாய் நீரைத் தள்ளும். தலை அசையாமலே, 'சுழல்கிறாய்' என்று மூளைக்குச் செய்தி போகும். கண்ணும் தலையும் அதை நம்பி அசையும். அதே ஓட்டையால், உடம்புக்குள் நடக்கும் சத்தங்கள் எலும்பு வழியாக வந்து பெரிதாகக் கேட்கும்.

"அப்ப புள்ளைக்கு வேற ஒண்டும் இல்லயா?" என்று அம்மா கேட்டா.

"வேற ஒண்டும் இல்ல, அம்மா. நீங்க காதைப் பொத்திப் பாத்தீங்களே, நாங்களும் அதைத்தான் செய்து பாக்கிறது."

நோயின் பெயர் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. ஆஸ்பத்திரி சத்தம் நிறைந்த இடம். தட்டு விழும், தள்ளுவண்டி வரும், கதவு அடிபடும். ஒவ்வொன்றுக்கும் கட்டில் ஒரு பக்கம் எழும்பும். சத்தம் இல்லாத நேரத்தில் என் இதயம் தலையணைக்குள்ளிருந்து அடித்தது.

பக்கத்துக் கட்டிலில் கற்பிட்டியிலிருந்து வந்த ஸுலைஹா உம்மா இருந்தார். செவிப்பறையில் ஓட்டை, ஒரு காது கேளாது, மற்றதும் அரைகுறை. அவருக்குச் சத்தமாகச் சொன்னால் எனக்கு உலகம் சுழலும், நான் மெல்லச் சொன்னால் அவருக்குக் கேட்காது. அம்மா நடுவில் இருந்து இரண்டு பக்கமும் எடுத்துச் சொன்னா.

"கண்ணு ஓடுற சத்தம் எப்புடி இரிக்கும் மகள்?"

"மணலில பலகை இழுக்கிற மாதிரி."

"யா அல்லாஹ். எனக்கு இடி இடிச்சாலும் கேக்குதில்ல. ஒனக்குக் கண்ணு ஓடுறதே கேக்குது," என்று சொல்லி என் கையைப் பிடித்தார். அன்று பின்னேரம் அவர் வார்ட்டில் உள்ள எல்லாக் கட்டிலுக்கும் போய், தட்டையும் கோப்பையையும் கட்டிலோடு நின்ற லாச்சியின் மேல் நேரே வைக்காமல் துவாய் விரித்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தார். கேட்காத மனுஷி அவர். சத்தம் போடாதே என்று எல்லோருக்கும் சத்தமாகத்தான் சொன்னார். நான் காதை அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

காது எலும்பை மெல்லிய துண்டு துண்டாகப் படம் பிடிக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். இடது பக்கம் ஓட்டை தெளிவாகத் தெரிந்தது. ஒபரேஷன் கொழும்பில். திகதி வரும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள்.

வீட்டில் அம்மா மணிக்கூட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்தா. வளையலைக் கழற்றினா. ஒரு நாள் மத்தியானம் கதவைத் திறந்து கடற்கரையைப் பார்த்தேன். வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குரலும் இல்லை. அப்பா முன்னால் நின்று கையை உயர்த்தித் தாழ்த்த, இரண்டு வரிசை ஆட்கள் வாயை மூடிக்கொண்டு, ஒரே அடியாகப் பின்னால் சாய்ந்து சாய்ந்து இழுத்தார்கள். இறந்த வீட்டுக்காரர்கள் வலை இழுப்பதுபோல இருந்தது.

அப்பா வந்ததும், "பாடச் சொல்லுங்க அப்பா. நான் காதை அடைச்சுக்கொண்டு உள்ளுக்கு இருப்பன்," என்றேன்.

"அவங்கதான் வேணாம் எண்டு நிண்டாங்க," என்றார் அப்பா. "பாட்டில்லாம இழுக்கிறது பாரம்தான். பரவாயில்ல."

கொழும்பு டொக்டர் ஒபரேஷனுக்கு முன்னால் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தார். வயதானவர், சிங்களவர், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். காதுக்குப் பின்னால் வெட்டி, எலும்பைக் குடைந்து போய், எலும்புத் தூளாலும் தசையின் மேல் உறையாலும் அந்தக் குழாயை அடைத்துவிடுவேன் என்றார். அந்த ஒரு குழாய் இனி வேலை செய்யாது. மற்றவை அதன் வேலையைப் பழகிக்கொள்ளும்.

பிறகு வலது பக்கப் படத்தைக் காட்டினார். "இந்தப் பக்கமும் பாருங்க. ஓட்டை இல்ல. ஆனா எலும்பு முட்டைக் கோதின் உள்பக்கத் தோல் மாதிரி இருக்கு."

"இன்னும் எத்தனை தரம் குதிச்சு இறங்கினா தாங்கும்?" என்று கேட்டேன்.

"அது யாருக்கும் சொல்ல ஏலாது. ஆயிரம் தரம் தாங்கலாம். அடுத்த தரமே வெடிக்கலாம்."

மயக்கம் தெளிந்தபோது வார்ட் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படித்தான் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மூன்று நாள் வாளியைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அம்மா கட்டிலோடு கதிரையைப் போட்டு, என் நெற்றியில் ஒரு விரலை வைத்துக்கொண்டிருந்தா. அந்த ஒரு விரல் அசையாத இடமாக இருந்தது. மற்றதெல்லாம் அதைச் சுற்றி ஓடியது.

நாலாம் நாள் காலை தாதி ஜன்னலைத் திறந்தார். வெளிச்சத்துக்குக் கண்ணைத் திருப்பினேன். கதவுப் பக்கம் திருப்பினேன். மறுபடி ஜன்னல். அம்மா பயந்துவிட்டா.

"என்னடி, கண் சுத்துதா?"

"இல்லம்மா. ஒண்டும் கேக்கயில்ல."

அமைதி என்றால் இதுதான் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். என் உடம்புக்குள் யாரும் நடக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அது முதலில் சந்தோஷமாக இல்லை. வீட்டிலிருந்து யாரோ சொல்லாமல் போய்விட்டதுபோல இருந்தது.

மூன்று மாதம் நேராக நடக்கப் பழகினேன். இடது காதில் மெல்லிய உயர்ந்த சத்தங்கள் கொஞ்சம் குறைந்துவிட்டன. நுளம்பு வலப்பக்கம் மட்டும்தான் இரைகிறது. பெரியம்மா ஒரு நாள் மீன் குழம்போடு வந்து, ஒன்றும் நடக்காததுபோல அம்மாவிடம் புளி கேட்டா. சமாதானம் அவ்வளவுதான்.

போன மாதம் கிளினிக்குக்குப் போன அன்று, வத்தளையில் இறங்கி, அம்மாவை நிலந்தி மிஸ்ஸின் பயிற்சி மண்டபத்துக்குக் கூட்டிப் போனேன். விளையாட்டை விடும் என் முடிவை அவரிடம் நேரே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஒரு வருடம் அவரிடம் மறைத்ததையும்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவர், "என்கிட்ட சொல்லியிருந்தா நான் உன்னை நிப்பாட்டியிருப்பன்," என்றார்.

"அதுதான் மிஸ் சொல்லயில்ல."

அவருக்குக் கோபம் இருந்தது. அதைக் காட்டாமல் அடக்கிக்கொண்டார். பிறகு பீம் பக்கம் தலையை அசைத்து, "நடக்கலாம்தானே? நடக்கிறதுக்கு டொக்டர் வேணாம் எண்டு சொல்லயில்லயே?" என்றார்.

அம்மா பீமின் பக்கத்தில் போய் நின்று பார்த்தா. அது அவவின் நெஞ்சுக்கு வந்தது. அகலத்தை உள்ளங்கையால் அளந்தா. "இதுக்கு மேலயா கரணம் அடிச்சனி?" என்று கேட்டா. பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக.

"ஓம்."

அம்மா கையை பீமிலிருந்து எடுக்கவில்லை.

ஏறினேன். ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு நடந்தேன், திரும்பினேன், நடந்து வந்தேன். பீம் பீமாகவே இருந்தது. முனைக்கு வந்ததும் உடம்பு தானாக மூச்சை இழுத்து முழங்காலை மடித்தது. அதற்குத் தெரிந்த இறக்கம் ஒன்றுதான்: சுழன்று, காற்றில் போய், இரண்டு காலும் ஒன்றாக மெத்தையில் அறைய இறங்குவது. நிலந்தி மிஸ் மூச்சுவிடவில்லை.

நான் பீமில் மெல்லக் குந்தி இருந்தேன். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால், பிறகு மற்றக் கால் என்று, கட்டிலிலிருந்து இறங்குவதுபோல இறங்கினேன்.